கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாத அமெரிக்க காங்கிரஸ்

ஜகதீஷ் ராய் சத்தா கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்குப் படிக்கப் போனார். 1972இல் மாணவர் விசா காலாவதியானது. கென்யா அவரைத் தன் குடிமகனாக ஏற்கவில்லை, பிரிட்டனும் உடனே இடம் தரவில்லை. இந்த நிலைமையைப் பார்த்த குடியேற்ற நீதிபதி ஒருவர் 1974இல் அவரை நாடுகடத்துவதை நிறுத்திவைத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1975 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு சபைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபை, இப்படிச் சலுகை பெற்ற 340 பேரின் வழக்குகளில் ஆறை மட்டும் பொறுக்கி, சலுகையை ரத்து செய்தது. அதில் சத்தாவும் ஒருவர். விவாதம் நடக்கவில்லை, யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பதிவும் இல்லை. மற்றொரு சபையான செனட்டையோ அதிபரையோ யாரும் கேட்கவில்லை.

ஒரு சபை தனியாக இதைச் செய்ய முடியுமா? அரசமைப்புச் சட்டப்படி ஒரு மசோதாவை இரு சபைகளும் நிறைவேற்ற வேண்டும், பிறகு அது அதிபரிடம் போக வேண்டும். அவர் மறுத்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இவ்வளவு நீண்ட பாதையில் ஒவ்வொரு சிறு விஷயத்தையும் 535 உறுப்பினர்கள் தீர்மானிக்க முடியாது. அதனால் 1932 முதல் காங்கிரஸ் ஒரு குறுக்குவழி வைத்திருந்தது: சட்டம் போட்டு அதிகாரத்தை நிர்வாகத்துக்குக் கொடுக்கும், பிடிக்காத முடிவை ஒரு சபையோ இரண்டுமோ தீர்மானம் போட்டு ரத்து செய்யலாம் என்ற விதியையும் கூடவே எழுதிவிடும். பட்டத்தைப் பறக்கவிட்டு நூலைக் கையில் வைத்துக்கொள்வதுதான்.

அந்த நூலைத்தான் 1983 ஜூனில், சத்தாவின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அறுத்தது. ஒருவரின் சட்ட உரிமையை மாற்றுவது சட்டம் இயற்றுவதுதான், அதற்கு ஒரே பாதைதான் உண்டு என்றார் தலைமை நீதிபதி வாரன் பர்கர். நீதிபதி பைரன் ஒயிட் உடன்படவில்லை. ஏறக்குறைய 200 சட்டங்களில் உள்ள இத்தகைய விதிகள் ஒரே அடியில் சாகின்றன என்று எச்சரித்தார். அரசமைப்பின் எழுத்துப்படி பர்கர் சொன்னது சரி. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் ஒயிட்டின் கவலை வீணில்லை என்றே எனக்குப் படுகிறது.

அவசரநிலைச் சட்டத்தையே பாருங்கள். 1976இல் எழுதப்பட்டபோது, அதிபர் அறிவித்த அவசரநிலையை இரு சபைகளும் சேர்ந்து, அவர் கையெழுத்து இல்லாமலேயே முடிக்கலாம் என்றிருந்தது. தீர்ப்புக்குப் பிறகு 1985இல் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. இப்போது முடிக்கும் தீர்மானத்தில் அறிவித்தவரே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2019இல் எல்லைச் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார், காங்கிரஸ் 137.5 கோடி மட்டும் தந்தது. அவர் அவசரநிலையை அறிவித்து வேறு நிதியை எடுக்கப் பார்த்தார். இரு சபைகளும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. செனட்டில் அவரது கட்சியினர் சிலரும் சேர, 59–41. அதிபர் நிராகரித்தார். அதை மீறப் பிரதிநிதிகள் சபையில் கிடைத்தவை 248 வாக்குகள், தேவைப்பட்டவை 286.

வேடிக்கை என்னவென்றால், செல்லாது என்று தெரிந்தும் காங்கிரஸ் அதன்பிறகும் நூற்றுக்கணக்கில் இதே மாதிரி விதிகளை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. 'எங்கள் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இந்தப் பணத்தை மாற்றாதே' என்பது போன்றவை. நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. ஆனாலும் அரசுத் துறைகள் பெரும்பாலும் அந்தக் காங்கிரஸ் குழுவைக் கேட்டுவிட்டே செய்கின்றன. அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டுக்கு அதே குழுவின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.