ஜீவனி பாக்கெட்டும் அப்பாயியோட பயமும்

போன வாரம் ஓ/எல் (சாதாரண தர பரீட்ச) பசங்களுக்கு கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எந்திரிச்சு கேட்டான், "சார், எங்க தாத்தா சொல்றாரு அந்த காலத்துல குரக்கன் (கேழ்வரகு) ரொட்டியும் கீரையும் தின்னுட்டு மருந்தே இல்லாம 100 வயசு வரைக்கும் இருந்தாங்களாம், இப்ப தான் எல்லாருக்கும் சீக்காம், உண்மையா?" கிளாஸ் சிரிச்சுச்சு, ஆனா பாதி பேர் ஆமான்னு தான் தலைய ஆட்டுனாங்க.

"தாத்தா கூட பொறந்தவங்க எத்தன பேர்டா?" "ஒம்பது சார்." "எத்தன பேர் வளந்து கல்யாணம் கட்டுனாங்க?" விரல மடக்கி எண்ணி பாத்துட்டு கொஞ்சம் மெதுவா சொன்னான், "நாலு." அவ்வளவு தான். 90 வயசு தாண்டுன தாத்தாவ ஊரே சொல்லும், புள்ள காம்பராவே (தோட்டத்துல கைக்கொழந்தைங்கள பாத்துக்குற எடம்) தாண்டாத அஞ்சு பேரோட பேர் கூட வீட்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

1800 வாக்குல உலகம் முழுக்க சராசரி ஆயுள் 30 வருஷம் மாதிரி தான், அதுக்காக எல்லாரும் 30ல செத்தாங்கன்னு அர்த்தமில்ல, பொறந்த 10 புள்ளைங்கள்ல நாலு புள்ள அஞ்சு வயசு ஆகுறதுக்குள்ளயே போயிருச்சு, அது தான் சராசரிய கீழ இழுத்துச்சு. நம்ம இலங்கையிலயே 1940கள் நடுவுல 1000 புள்ள பொறந்தா 100க்கு மேல ஒரு வயசு முடியுறதுக்குள்ள செத்துச்சு, இப்ப அது 10க்கும் கீழ. தடுப்பூசி, மலேரியா ஒழிப்பு, இலவச ஆஸ்பத்திரி, இலவச படிப்பு, அம்மாமார் எழுத படிக்க கத்துக்கிட்டது, எல்லாத்துக்கும் பங்கு இருக்கு, இதெல்லாம் சமூகக் கல்வி புத்தகத்துலயே இருக்கு. எனக்கு புடிச்சது வேற ஒன்னு, கடையில கெடைக்கிற ஜீவனி பாக்கெட், வயித்தால போகும்போது தண்ணியில கரைச்சு குடிக்கிற உப்பு, குளுக்கோஸ் தூள்.

எனக்கு ஆறு வயசு இருக்கும், ரெண்டு நாளா வயித்தால போய் கண்ணு உள்ள போயி நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பாயி ஒரு சொட்டு தண்ணி குடுக்க விடல. "ஊத்த ஊத்த போவும், நிறுத்து"ன்னு செம்ப எடுத்து அடுப்பு மேல ஒளிச்சு வச்சிட்டாங்க, கண்ணூறு கழிச்சு மொளகாய நெருப்புல போட்டாங்க, நான் இருமுனது தான் மிச்சம். மூனாவது நாள் மிட்வைஃப் அம்மா எங்க தோட்டத்து லயத்துக்கு (வரிச வீட்டுக்கு) வந்தாங்க, இஸ்தோப்புல (திண்ணையில) உக்காந்து ஆறுன தண்ணி ஒரு லீட்டர் அளந்து பாக்கெட்ட வெட்டி கொட்டி கலக்கி கரண்டி கரண்டியா ஊட்டுனாங்க. பொழுது சாயும்போது நான் ரொட்டி கேட்டு அழுதேனாம்.

அப்பாயிய நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன். வெறும் தண்ணி குடுத்தா அது கூடவே போகுறத அவங்க கண்ணால பாத்தவங்க, அந்த பயத்துக்கு காரணம் இருந்துச்சு. கோளாறு எங்கன்னா தண்ணிய நேரா உள்ள இழுக்குற பம்பு எதுவும் குடல்ல கெடையாது. உப்பு எந்த பக்கம் போகுதோ தண்ணி பின்னாடியே போகும், ஒஸ்மோசிஸ், படிச்சிருப்பீங்க. உப்புங்கிறது சோடியமும் குளோரைட்டும் தான். வாந்திபேதி கிருமியோட நஞ்சு குடல் செல்லுல குளோரைட் போற கதவ தெறந்தபடி இறுக்கி விட்டுருது, குளோரைட் வெளிய கொட்டுது, சோடியமும் தண்ணியும் அது பின்னாடியே கொட்டுது, முத்திப் போனா மணிக்கு ஒரு லீட்டர் வரைக்கும். சாதாரணமா உப்ப உள்ள எடுக்குற வழியையும் அதே நஞ்சு அடச்சிருது.

ஆனா ஒரு கதவ மட்டும் அதால தொட முடியல. எஸ்ஜிஎல்டி1னு பேரு, குடல் செல்லோட செவுத்துல இருக்கிற ஒரு புரதம். ஹட்டன் டவுன்ல ஆள் சேத்து போற த்ரீவீல நெனச்சுக்குங்க, பின் சீட்ல மூனு பேர் ஏறுனா தான் கெளம்பும். இங்கயும் அதே மூனு சீட் தான், முதல்ல ரெண்டு சோடியம் ஏறணும், ஏறுன பெறகு தான் குளுக்கோசுக்கு சீட் சரியா அமையும், குளுக்கோஸ் ஏறுனதும் வண்டி அப்படியே திரும்பி செல்லுக்குள்ள எறக்கி விட்டுட்டு காலியா திரும்பி வரும். சோடியம் மட்டும் நின்னா வண்டி போகாது, குளுக்கோஸ் மட்டும் நின்னாலும் போகாது.

இன்னொரு அழகு, இந்த வண்டிக்கு சொந்தமா எஞ்சினே இல்ல! எறக்கத்துல நியூட்ரல்ல உருளுற வண்டி. ரத்தத்துல சோடியம் லீட்டருக்கு 140 மில்லிமோல்னா செல்லுக்குள்ள 10, 15 தான், அதனால சோடியத்துக்கு உள்ள வர்றது மல எறங்குற மாதிரி, அந்த எறக்கத்துல குளுக்கோஸ் ஓசியில வருது. அப்ப எறக்கம் தீந்து போகாதா? போகாது, செல்லோட அந்த பக்கத்துல வேற ஒரு பம்பு ராத்திரி பகலா மூனு சோடியத்த ரத்தப் பக்கம் தள்ளி ரெண்டு பொட்டாசியத்த உள்ள எடுத்துக்கிட்டே இருக்கு, பெட்ரோல் செலவு முழுக்க அதுக்கு தான். சோடியமும் குளுக்கோசும் அந்த பக்கம் சேர தண்ணியும் பின்னாடியே போகுது. வயித்தால போறது உடனே நிக்காது, ஆனா போறத விட உள்ள வர்றது கூட ஆகிரும், உயிர் தங்கிரும்.

அதனால தான் அளவு முக்கியம். இப்ப இருக்கிற பாக்கெட்ல லீட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசும் 75, சமம். பழைய பாக்கெட்ல 90ம் 111ம் இருந்துச்சு, 2002ல உலக சுகாதார நிறுவனம் கொறச்சிச்சு. சீனி கூடுனா அதுவே தண்ணிய குடலுக்கு இழுத்துரும், புள்ளைக்கு வயித்தால போகும்போது கலர் சோடா வாங்கி குடுக்குறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க. பாக்கெட் கெடைக்கலன்னா கொதிச்சு ஆறுன தண்ணி ஒரு லீட்டர்ல தட்டையா ஆறு தேக்கரண்டி சீனி, அர தேக்கரண்டி உப்பு, அவ்வளவு தான். அப்பாயி நாலாவது நாள் குடுத்த உப்புக் கஞ்சியும் சரியான சாமான் தான், மாவுச்சத்து குடல்ல மெதுவா குளுக்கோஸா ஒடையும், மூனு நாள் முன்னாடி குடுத்திருக்கலாம்.

1971ல வங்காளதேச அகதிகள் முகாம்ல, இந்திய எல்லையில பொங்காவ்ங்கிற எடத்துல, வாந்திபேதி பரவி சேலைன் போத்தல் தீந்து போச்சு. டாக்டர் திலிப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா மா கரைச்சு ட்ரம்ல ஊத்தி வச்சு சொந்தக்காரங்களையே குடுக்க சொன்னாரு, சாவு 100க்கு 30 அளவுல இருந்து 4க்கும் கீழ வந்துச்சு. இந்த கதவ பத்தி முதல்ல சொன்னவர் ரொபர்ட் கிரேன், 1960ல ப்ராக் நகரத்துல, ஹாம்ஸ்டர்ங்கிற எலி மாதிரி பிராணியோட குடல வச்சு சீனி எப்படி உள்ள போகுதுன்னு ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்த மனுசன். அன்னிக்கு யாராவது "எலிக் குடலுக்கு எதுக்கு காசு"ன்னு கேட்டிருந்தா? நம்ம நாடு ஆராய்ச்சிக்கு செலவழிக்கிறது மொத்த உற்பத்தியில 0.2 சதவீதம் கூட இல்ல, அதுலயும் "உடனே என்ன லாபம்"ங்கிற கேள்வி தான் முதல்ல வருது.

தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து வந்த நம்ம ஆளுங்க மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த பாதையில வாந்திபேதியில வுழுந்தவங்கள நெனச்சு பாக்குறேன். கடலோரம், உப்புக்கு பஞ்சமில்ல. பனங்காடு, கருப்பட்டியும் இருந்துச்சு. காட்டு வெறகும் இருந்துச்சு தண்ணிய கொதிக்க வைக்க. சாமான் எல்லாம் பக்கத்துல தான், எத கூட எத எவ்வளவு கலக்கணும்ங்கிறது மட்டும் அப்ப உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும், ஆனா இன்னிக்கும் சில லயங்கள்ல குடிக்கிறது மேல இருந்து அப்படியே வர்ற பீலித் தண்ணி, அது பாக்கெட்டால தீர்ற விஷயம் இல்ல, அதுக்கு குழாயும் கக்கூசும் வேணும், அத பத்தி தனியா திட்டி எழுதணும்.

இதே கதவுக்கு ஒரு தம்பி இருக்கான், எஸ்ஜிஎல்டி2, கிட்னியில. மூத்திரத்துல சீனி வீணாகாம திரும்ப எடுத்து ரத்தத்துல விடுறது அவன் வேல. அவன மறிக்கிற குளிசைய தான் கிளினிக்ல அம்மாவுக்கு சக்கர வியாதிக்கு எழுதி குடுத்திருக்காங்க, கூடுன சீனி மூத்திரத்தோட போயிரும். அப்பாயி காலத்துல புள்ள உடம்புக்குள்ள சீனியும் உப்பும் போகாம செத்துச்சு, இப்ப சீனிய வெளிய தள்ள காசு குடுத்து குளிசை வாங்குறோம். அம்மாகிட்ட இத எல்லாம் படம் போட்டு வெளக்குனேன், நல்லா கேட்டுக்கிட்டாங்க.

"அப்ப இந்த குளிசைய போட்டுட்டு தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூட போட்டுக்கலாம்?"

"இல்லம்மா."