விரல் நுனியில் காந்தம்

பணியாரக் கல்லைக் கழுவி ஈரம் துடைக்காமல் கவிழ்த்து வைத்தால், மறுநாள் குழி விளிம்பில் கடுகளவு துரு நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போன இடம் அது. மின்கருவிகளின் காந்தப்புலத்தை விரலால் உணர, விரலுக்குள் காந்தம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் கடுகளவைத்தான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), உலோக அரிப்பை ஆராய மண்டபம் கடலோரத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. உடம்புக்குள் இருப்பதும் உப்புநீர்தான்.

விரலுக்குள் போவது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 3 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள வில்லை சுமார் 53 மில்லிகிராம் இருக்கும். தூளை அழுத்திச் சுட்டுச் செய்வதால் எளிதில் நொறுங்கும். அந்தத் தூளின் நுண்மணிகளுக்கு இடையே நியோடிமியம் மிகுந்த பகுதி முதலில் அரிபடும். பிறகு மணிகள் கரும்பொடியாக உதிரும். கடைக் காந்தத்தில் பளபளப்பது பெரும்பாலும் நிக்கல் முலாம், அது உடம்புக்கு ஆகாது. தங்கம், டைட்டானியம் நைட்ரைடு, பாரிலீன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஆகியவைதான் புழக்கத்தில் உள்ள பூச்சுகள். தங்க முலாமில் ஊசித் துளை விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: அரிக்காத பெரிய தங்கப் பரப்பு ஒரு மின்கலத்தின் எதிர்மின்வாய்போல ஆகி, துளைக்கடியில் உள்ள சிறு புள்ளியில் அரிப்பு முழுவதையும் குவித்துவிடும். 2000-களின் நடுவில் அமெரிக்காவில் உடல்மாற்றக் கலைஞர் ஸ்டீவ் ஹாவர்த் முதலானோர் சிலிகோன் உறையோடு வைத்த காந்தங்களில் சில, உறை கிழிந்து விரலுக்குள்ளேயே கறுத்துச் சிதைந்தன.

ஒரே தொகுதியில் இரண்டு வாங்கி, ஒன்றைப் பலிகொடுப்பதே நல்லது. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரில், 37 டிகிரியில் சில வாரம் போட்டு வையுங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் மற்றதையும் தூக்கி எறியலாம். தெரியாவிட்டாலும் ஆயுளுக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

காந்தத்துக்கு உணர்ச்சி கிடையாது. அது அதிர, சுற்றியுள்ள நரம்பு முனைகள் அந்த அதிர்வைப் பிடிக்கின்றன. ஓடும் மிக்ஸியையோ ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரையோ தொடாமல், அருகில் விரலைக் கொண்டுபோனால் ஒரு குறுகுறுப்பு. ஸ்டெபிலைசரின் ரீங்காரம் காதுக்கு 100 ஹெர்ட்ஸ். விரலில் உணர்வதோ 50. ஸ்டெபிலைசருக்குள் உள்ள இரும்பு மையம் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நெளிகிறது, விரலில் உள்ள காந்தமோ ஒருமுறைதான் ஆடி முடிக்கிறது. சற்று விலகினாலே உணர்வு செத்துவிடும்: சிறு காந்தத்தின் புலம், தூரம் இரு மடங்கானால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்த ஒயரில் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். கரண்ட் ஓடாத ஒயரில், லைன் இருந்தாலும் எதுவும் தெரியாது. ஆகவே விரலை டெஸ்டராக்கிப் பார்க்க வேண்டாம்.

வைக்கும் இடம், அதிகம் புழங்காத கையின் மோதிர விரல் நுனியில், பக்கவாட்டில். நடுச்சதையில் வைத்தால் எதைப் பிடித்தாலும் எலும்புக்கும் பொருளுக்கும் நடுவே தோல் நசுங்கும். மரத்துப்போக ஊசி போடுவதும் கீறுவதும் மருத்துவர் வேலை, டாட்டூ கடை வேலை அல்ல. மருத்துவர் மறுத்தாலும் ஆச்சரியமில்லை. வெட்டுவாய்க்கு நேர் கீழே காந்தம் நிற்காமல், உள்ளே சிறு பை போலப் பிரித்துத் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் வழியே வெளியே வந்துவிடும். வழக்கமான இடுக்கியும் தையல் ஊசியும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும், டைட்டானியக் கருவி தேவை. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கூடாது: அதன் சூடு 121 டிகிரி, சாதாரண ரகக் காந்தம் 80-க்கு மேல் வலுவிழக்கும். எத்திலீன் ஆக்ஸைடு வாயுவில் சுத்தம் செய்யலாம்.

புண் ஆறினாலும் உணர்வு தெளிய மாதங்கள் ஆகலாம். சர்க்கரை நோயாளிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தை நெடுநேரம் ஒட்டவைத்தால், நடுவில் மாட்டிய தோலுக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துவிடும். மேல்தோல் மெலிந்து கரும்புள்ளி தெரிந்தால், அல்லது சிவந்து சீழ் கட்டினால், உடனே எடுத்துவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவரின் நெஞ்சருகே அந்த விரலைக் கொண்டுபோகக்கூடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் காந்தத்தை எடுத்தாக வேண்டும். விபத்தில் நினைவிழந்து கிடந்தால் இதைச் சொல்ல ஆள் இருக்காது; வீட்டாரிடம் சொல்லிவைத்து, பர்ஸில் ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்: எந்தக் கை, எந்த விரல், எந்தப் பக்கம்.