எர்த்துவார்: கதவு தட்டும் கருவிக்குத் தமிழ்ப்பெயர்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி, பழம்பொருள் சந்தையில் வாங்கிய மரப்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, "இதற்குத் தமிழில் என்ன பெயர், ஐயா?" என்று கேட்டாள். உள்ளங்கை அகலப் பலகையில் ஆட்டுக்கடாவின் தலை. பின்னோக்கிச் சுருண்ட கொம்புகளில் ஒன்று நுனி உடைந்திருந்தது. நெற்றியருகே உள்ள அச்சில் தலை ஆடும். மோவாயைத் தூக்கி விட்டால், கீழே பதித்த இரும்புக் குமிழில் மோதி ஒலிக்கும். மரத்தோடு மரம் மோதினால் ஓசையும் மழுங்கும், மரமும் நைந்துபோகும் என்பதாலேயே அந்தக் குமிழ்.

கதவில் பொருத்தித் தட்டும் இக்கருவியைப் பிரெஞ்சில் 'எர்த்துவார்' என்பார்கள். 'எர்த்தே' என்றால் மோது, முட்டு என்று பொருள். கருவிப் பெயராக்கும் 'வார்' ஈறு அதனோடு சேர்ந்தது. (இருப்புப்பாதை முடியும் இடத்தில் வண்டியைத் தடுக்கும் முட்டுக்கட்டைக்கும் இதே பெயர்தான்.) அவ்வினையின் வேர், பழைய ஜெர்மானிய மொழியான பிராங்க் மொழியில் ஆட்டுக்கடாவைக் குறித்த சொல் என்பது சொற்பிறப்பாளர் பலரின் கருத்து, ஆகவே அவள் கையிலிருந்த உருவம் அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. தமிழிலும் 'தகர்' என்பது ஆட்டுக்கடாவுக்குப் பெயர். உடைதலைக் குறிக்கும் வினையும் தகர்தான். "பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" என்ற குறளில் (486) வருவது அந்தக் கடாதான். இது பொருள் ஒப்புமையே தவிர, இரு மொழிகளுக்கும் உறவு காட்டுவதன்று.

கதவு தட்டுதலுக்குப் பழைய வினை 'புடைத்தல்'. "புதவக் கதவம் புடைத்தனன்" என்று சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை, கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய பாண்டியனைச் சொல்கிறது. அவன் தட்டியது கையால்தான், தட்டியது தவறென்று உணர்ந்து பின்னர் வெட்டிக்கொண்டதும் அந்தக் கையைத்தான். நம் வீடுகளில் வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள், அல்லது கொண்டியையோ சங்கிலியையோ ஆட்டி ஓசைப்படுத்துவார்கள். இத்தீவில் கிரியோல் எனப்படும் உள்ளூர் மக்களின் வீடுகளிலும் 'பரோ' எனும் வெளிப்படலருகே நின்று கூப்பிடுவதே வழக்கம். தனிக் கருவி தேவைப்படாத இடத்தில் தனிப்பெயர் பிறக்கவில்லை.

'கதவுதட்டி' எனலாம் என்பார்கள். ஆனால் தட்டி என்றதும் மூங்கில் தட்டிதான் நினைவுக்கு வரும். 'புடைப்பான்' என்றால் முறமும் உமியும் கண்முன் நிற்கும். சிங்கம் வாயில் வளையத்தைக் கவ்வியிருக்கும் வகைக்குத் 'தட்டுவளையம்' நன்றாகப் பொருந்துகிறது. வளையமே இல்லாத இவ்வகைக்கு அது ஒவ்வாது. இரண்டுக்கும் பொதுவாகத் 'தட்டுப்பிடி' என்பதே என் தேர்வு. பிடி என்றால் பெண்யானையும் ஆகுமே என்று அவள் மடக்கினாள். ஆகட்டும், நெடுநல்வாடையின் அரண்மனை வாயில் மேல்மரத்தில் குவளைப் பூவோடு செதுக்கப்பட்டிருப்பதும் பிடிதானே என்று சொல்லி, அவள் குறிப்பேட்டில் 'தகர்முகத் தட்டுப்பிடி' என்று எழுதிக் கொடுத்தேன்.