ஏழாம் பெட்டியில் மணி

"சார், மேப்புக்குள்ள போட்ட மார்க்கைக் காணோம். சைஸ் கேட்டா 1னு சொல்லுது, கெட் பண்ணினா நல்னு வருது!"

இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஜாவா நிரல்மொழி படிக்கும் மாணவி ஒருவர் நிரலோடு அனுப்பிய கேள்வி இது. மேப் என்பது சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு; 'நல்' என்றால் ஒன்றுமில்லை. சாவி, 'மாணவர்' என்ற ஆப்ஜெக்ட், மதிப்பு, 72. நடுவே ஒரு வரியில் அந்த மாணவரின் பெயரை 'மணி'யிலிருந்து 'மணீ' ஆக்கியிருந்தார். வினையே அந்த வரிதான்.

அவர் பயன்படுத்திய மேப் வகையான ஹேஷ்மேப் ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை, கணக்குப் போடுகிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக அஞ்சல் பெட்டிகள் இருக்கின்றனவே, அதேதான். வீட்டு எண்ணைப் பார்த்ததுமே எந்தப் பெட்டி என்று அஞ்சல்காரருக்குத் தெரிந்துவிடும். ஜாவா வழக்கமாக 16 பெட்டிகளோடு தொடங்கும்: 0 முதல் 15 வரை.

'மணி'க்கு எந்தப் பெட்டி? கையாலேயே போட்டுப் பார்க்கலாம். யூனிகோடில் ம 2990, ண 2979, இகரக் குறி 3007. முதல் எண்ணை 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டுங்கள்; வந்ததை மறுபடி 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டுங்கள். கிடைப்பது 2,968,746; இதுதான் ஹேஷ். இதை 0, 1 என்ற பிட்டுகளாக எழுதி, மேல் 16 பிட்டுகளைக் கீழ் 16 பிட்டுகளோடு எக்ஸ்ஆர் செய்து (வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) கடைசி 4 பிட்டுகளை எடுத்தால், 7.

'ரவி'க்குப் போட்டாலும் 7தான் வருகிறது! ஒரே பெட்டியில் இரண்டு கடிதங்கள் இருந்தால் எது யாருடையது என்று, இரண்டு சாவிகளும் ஒன்றா எனப் பார்க்கும் ஈக்வல்ஸ் ஒப்பிட்டுச் சொல்லும். கூட்டம் மிகுந்தால் பெட்டிக்குள்ளேயே மரம் (விரைவாகத் தேடக் கிளைகிளையாகப் பிரித்த அமைப்பு) கட்டும் வசதி 2014இல் ஜாவா 8உடன் வந்தது.

இப்போது மாணவியின் நிரல். அவர் எழுதிய 'மாணவர்' கிளாஸில் (ஆப்ஜெக்டின் வார்ப்பு) ஹேஷைக் கணக்கிடும் ஹேஷ்கோட், ஈக்வல்ஸ் இரண்டுமே பெயரை மட்டும் நம்பியிருக்கின்றன. 'ணி' நெடிலானதும் குறியின் எண் 3008; கூட்டுத்தொகை ஒன்று கூடுகிறது; பெட்டி 6. ஆனால் 72 கிடப்பது 7இல். பெயர் மாறிய சாவியோடு போனால் 6ஆம் பெட்டி திறக்கும், காலி. சரி, 'மணி' என்று புது ஆப்ஜெக்ட் செய்து கேட்போம். 7ஆம் பெட்டி திறக்கும், குறித்துவைத்த ஹேஷும் பொருந்தும். ஆனால் உள்ளே இருப்பவர் பெயர் இப்போது 'மணீ'. ஈக்வல்ஸ் 'இல்லை' என்றுவிடும். பழைய பெயருக்கும் கிடைக்காது, புதுப் பெயருக்கும் கிடைக்காது. மேப் முழுவதையும் லூப்பில் சுற்றினால் மட்டும் 72 வந்து நிற்கும். முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

எண்கணித ஜோதிடம் பார்த்துக் குழந்தையின் பெயரில் எழுத்துக் கூட்டுவோர் நம்மிடையே நிறைய. பெயரிலிருந்து எண் எடுக்கலாம், தவறில்லை. அந்த எண் பொருளை எங்கே வைப்பது என்று சொல்லும், வாழ்க்கையைச் சொல்லாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மாணவிக்கு: சாவியாக மாணவர் எண்ணை வையுங்கள், அது மாறாது. பெயர்தான் சாவி என்றால், முதலில் மேப்பிலிருந்து எடுங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள், பிறகு மறுபடி போடுங்கள். 72 ஆறாம் பெட்டிக்குப் போய்விடும்.