பழவேற்காடு முகத்துவாரம் ஏன் தூர்ந்துபோகிறது?

ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் வழியே ஏறி இறங்கும் கடல்நீரும் கலந்ததுதான் பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி இடுப்பளவு ஆழமே. அதனால் முகத்துவாரம் அடைபட்டால் ஏரி வெகு சீக்கிரம் நிலைகுலையும்.

கோடையில் ஆற்று வரத்து நின்றுவிடும். தென்காற்றுக் கால அலைகள் கரையோர மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மணலை அடித்துச் செல்ல, முகத்துவாரத்தில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கடல் மட்டம் உயரும் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏரிக்குள் புகுந்து, அது தாழும் வற்றத்தில் திரும்பும் நீரின் அளவே அந்த வேகத்தைத் தருகிறது. 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டம் அரை மீட்டர் ஏறினால் அது 5 லட்சம் கன மீட்டர் நீர். ஏரி ஓரத்தை மண் கொட்டி மேடாக்கினாலும், இறால் பண்ணைக்குக் கரை கட்டினாலும் இந்த அளவு குறைகிறது. அதனால் எங்கோ தள்ளியிருக்கும் முகத்துவாரம் ஒடுங்குகிறது. தூர்வாருவதைப் பற்றி மட்டும் பேசுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். சேற்று நண்டின் பெண்ணும் முட்டை பொரிக்கக் கடலுக்கே போயாக வேண்டும். மடவை, கொடுவாக் குஞ்சுகளும் இதே வாசலை நம்பியவை. வாசல் அடைபட்டால் குஞ்சு வரத்து அறும். உள்ளிருக்கும் நீர் வெயிலில் வற்றி, கடல்நீரைவிட உப்பேறும். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் வலை கட்டுவோருக்கு முறை வந்தாலும் இறால் வராது. பூநாரை அலகைத் தலைகீழாகத் தோய்த்துச் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் பறவை. காய்ந்து வெடித்த சேற்றில் அதற்கு இரையில்லை. மழை வெள்ளம் வெளியேற வழியின்றி ஏரி நிறைந்தாலோ, நின்று மேய இடமில்லை.

தூர்வாரும்போது மணலைத் தென்கரையில் கொட்டக் கூடாது. அலை அதையே திருப்பிக் கொண்டுவரும். ஏரி மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும் நாளில், வற்றம் தொடங்கும் நேரத்தில் வெட்டித் திறந்தால் வெளியேறும் நீரே வழியை அகலப்படுத்தும். ஏரி தாழ்ந்திருக்கையில் வெட்டிய வாய் விரைவில் மூடிக்கொள்ளும். நிரந்தரத் தீர்வென்று கல்சுவர் கட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரை கரைந்ததும் இப்படித்தான்.

முகத்துவாரத்தின் நிலையை அறிய ஏரிக்குள் சென்டிமீட்டர் குறியிட்ட ஒரு கம்பம் போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் 13 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துவையுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு அமாவாசைக்கும் சுருங்கிக்கொண்டே வந்தால் வாய் அடைபடத் தொடங்கிவிட்டது. முழுதும் மூடும் முன்பே அந்தக் கணக்கோடு மீன்வளத் துறையை அணுகலாம்.