‘ஈக்வேட்’ வேறு, ஒப்பிடுதல் வேறு

நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழாக்கித் தருவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் சரிபார்ப்புக்கு வந்த ஒரு படியில் இப்படி ஒரு வரி இருந்தது: “இயற்கையானதைப் பாதுகாப்பானதுடன் ஒப்பிடக் கூடாது.” இலக்கணப் பிழை இல்லை, ஒற்றுப் பிழைகூட இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் எதையோ எதனுடனோ ஒப்பிட வேண்டாம் என்கிறார்கள் போலும் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஆங்கில மூலம் சொல்ல வந்ததே வேறு. மூலிகை என்பதாலேயே கெடுதல் செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை அது. மொழிபெயர்ப்பில் எச்சரிக்கை ஆவியாகிவிட்டது.

வம்பு செய்தது ‘ஈக்வேட்’ (equate) என்ற ஆங்கில வினைச்சொல். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பது ஒப்பிடுதல். விலகலே இல்லை, இதுதான் அது என்று முடிவுகட்டிவிடுவது ‘ஈக்வேட்’. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் வெண்மையையும் பாலையும் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால் சுண்ணாம்புத் தண்ணீரை அடையாளம் கண்டிருப்பார். இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அகராதிகள் தரும் ‘சமப்படுத்து’ கணக்குப் பாடத்துக்குச் சரி. இரண்டு கோவைகளைச் சமப்படுத்தி விடை காணலாம். லத்தீனில் சமத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல்தான் இது; ‘ஈக்வேஷன்’, ‘ஈக்வேட்டர்’ எல்லாம் அதே குடும்பம். (1557இல் சமக்குறியை அச்சேற்றிய வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்ட் ஒரு மருத்துவரும்கூட. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணமும் சொன்னார்.) ஆனால் “செல்வத்தை மகிழ்ச்சியோடு சமப்படுத்துகிறார்கள்” என்று எழுதினால் தராசுக் கடை நினைவுக்கு வருகிறது. “செல்வம்தான் மகிழ்ச்சி என்று நினைக்கிறார்கள்” என்றால் போதும். ஆங்கிலத்தில் ஒரே வினையாக இருப்பது தமிழில் ‘என்று எண்ணு’, ‘என்று கொள்’, ‘ஒன்றாகப் பாவி’ என்றுதான் இயல்பாக விரியும்.

ஆங்கிலத்தில் ‘ஈக்வேட்’டுக்குப் பின்னால் வரும் ஒட்டுச்சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘வித்’ (with) வந்தால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய எண்ணம் பேசப்படுகிறது. எண்ணுகிறவர் வாக்கியத்தில் இல்லாமல், ஒன்று நேராக ‘டு’ (to) போட்டு இன்னொன்றோடு சேர்ந்தால் கணக்கு அல்லது விளைவு: இவ்வளவு என்பது அவ்வளவு ஆகும். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர் என்பது இந்த வகை.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது. ஒரு கையேட்டில், “5 மில்லிலிட்டர் 125 மில்லிகிராமுக்குச் சமம்” என்ற வரியை அடித்துவிட்டேன். சமம் என்று அச்சில் பார்த்த தாய், அடுத்த முறை வேறு புட்டி வாங்கினாலும் அதே கணக்கையே போடுவார்; மருந்து இரண்டு மடங்காகிவிடும். “இந்தச் சிரப்பின் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, வேறு புட்டி வாங்கினால் லேபிளைப் பாருங்கள்” என்று எழுதினேன். மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டதாகப் புகார் வந்தது. விளக்கம் எழுதி அனுப்பினேன். வரி அப்படியே அச்சேறியது.