முதல் பாட்டில் பறந்த பிறகு

ஆயிரம் பேர் கூடி நிற்கும் ஓர் ஆர்ப்பாட்டம். நடுவிலிருந்து ஒருவன் போலீஸை நோக்கி ஒரு பாட்டிலை வீசுகிறான். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்பது வீசியவன் கையில் இல்லை. மீதி 999 பேரில் எத்தனை பேர் அவன் கையைப் பிடிப்பார்கள், எத்தனை பேர் குனிந்து கல் தேடுவார்கள் என்பதில்தான் இருக்கிறது. கூட்ட உளவியலில் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது.

பழைய பதில் சுலபமானது. கூட்டத்தில் கலந்தவுடன் மனிதன் புத்தியை இழக்கிறான், வெறி தொற்றுநோய் மாதிரி பரவுகிறது என்று 1895ல் பிரான்ஸின் குஸ்தாவ் லெ பான் எழுதினார். இதை நம்பினால் போலீஸுக்கு ஒரே வழிதான்: மொத்தக் கூட்டத்தையும் ஆபத்தாகப் பார்ப்பது, எடுத்த எடுப்பிலேயே பலத்தைக் காட்டுவது.

கலவரத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு சிறிய உணவகத்தில் போலீஸ் சோதனைக்குப் போக, கலவரம் வெடித்தது. அதை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். போலீஸ்மீது கல் மழை பொழிந்த அதே கூட்டம், யாரோ ஒரு பேருந்தின் கண்ணாடியை உடைத்தபோது முகம் சுளித்தது. வேறு யாரும் பேருந்தைத் தொடவில்லை. சிலர் தெருவில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். புத்தி கெட்டவர்கள் செய்கிற வேலையா இது?

ரைக்கரும் பின்னர் கிளிஃபோர்ட் ஸ்டாட்டும் வளர்த்த விளக்கப்படி, கூட்டத்தில் நாம் காணாமல் போவதில்லை. 'நான்' இருந்த இடத்துக்கு ஒரு 'நாங்கள்' வருகிறது, அவ்வளவுதான். அந்த 'நாங்கள்' யார் யாரை உள்ளடக்கும் என்பதை எதிரில் நிற்பவர் நடத்தும் விதமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. குழந்தையைத் தோளில் தூக்கி வந்த அப்பாவுக்கும், சண்டைக்கென்றே வந்த பத்துப் பேருக்கும் ஆரம்பத்தில் எந்த ஒட்டும் இல்லை. பாட்டில் பறந்ததும் தடியடி எல்லார்மேலும் விழுகிறது. கண்ணீர்ப்புகைக்கு ஆள் அடையாளம் தெரியாது. 'நாங்க என்ன செஞ்சோம்?' என்று அப்பா கேட்கிற அந்த நொடியில் அவரும் அந்தப் பத்துப் பேரும் ஒரே பக்கம். 'சும்மா இருப்பா' என்று அதட்டியிருக்கக்கூடியவர் இப்போது அதட்டுவதில்லை.

கவசமும் ஹெல்மெட்டுமாகப் போலீஸ் வந்து நிற்கும் போர்க்களக் கோலம், எல்லாரையும் ஒரே பக்கம் சேர்க்கும் இந்த வேலையில் பாதியை அடி விழுவதற்கு முன்பே முடித்துவிடுகிறது. கண்ணீர்ப்புகை தாக்காமல் முகத்தை மூடும் வாயுக் கவசம் மாட்டிய காவலரை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாது, சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று புரியாது. அவர் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொன்னாலும் குரல் குழறி, உறுமல் மாதிரிதான் வெளியே வரும். அவருக்கும் பக்கவாட்டுப் பார்வை குறைந்து, முன்னால் இருப்பது ஒரு திரளாகவே படும். பேச்சுக்கான கதவு இரண்டு பக்கமும் சாத்தியாயிற்று. கல் வந்தால் தலை உடையும்தான். ஹெல்மெட்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை எப்போது மாட்டுவது என்பதுதான் கேள்வி.

சரி, இந்தக் கோலம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ராணுவத்துக்குத் தேவைப்படாத தளவாடங்களை உள்ளூர் போலீஸுக்குக் கொடுக்கும் '1033' என்ற திட்டம் 1997 முதல் நடக்கிறது. 2014 வாக்கில், வாங்கிய விலைக் கணக்கில் 500 கோடி டாலருக்கு மேல் பொருள் கைமாறியிருந்தது. துப்பாக்கிகள் மட்டுமல்ல, ஈராக்கில் கண்ணிவெடியைத் தாங்குவதற்காகச் செய்த வண்டிகளும் அதில் உண்டு. வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் ஒரு விதி. எனக்கு இந்த விதிதான் எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. கொட்டகையில் சும்மா கிடக்கவும் அனுமதி இல்லை! இது போக, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மானியம் தனி வழி.

2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கூசனில் உலகமே இதைப் பார்த்தது. 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதை எதிர்த்து ஊர் திரண்டது. பட்டப்பகலில் கவச வண்டியின் மேலிருந்து ஒரு காவலர் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியைக் குறிவைத்திருந்தார். ஆகஸ்ட் 14 அன்று பொறுப்பு மாநில நெடுஞ்சாலைக் காவல் படையின் கேப்டன் ரான் ஜான்சனிடம் போனது. அந்தப் பகுதியில் வளர்ந்தவர். சாதாரணச் சீருடையில் கூட்டத்தோடு நடந்தார். அன்றிரவு அமைதி. அது நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுநாளே வேறு காரணங்களால் மறுபடி மூண்டது.

இதைவிடத் தெளிவான பாடம் போர்ச்சுகலில் கிடைத்தது. 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு, ரகளைக்குப் பெயர்போன இங்கிலாந்து ரசிகர்கள் திரளாக வந்தார்கள். அங்கே இரண்டு தனித்தனிப் போலீஸ் படைகள். பெருநகரங்களைக் கவனித்த நகரக் காவல் படை, ஸ்டாட் குழுவோடு சேர்ந்து திட்டம் போட்டிருந்தது. சாதாரணச் சீருடையில் இருவர் இருவராகப் போய் ரசிகர்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். ஹெல்மெட் படை கண்ணில் படாமல் வண்டிக்குள் காத்திருந்தது. அங்கெல்லாம் பெரிய மோதல் ஒன்றும் இல்லை. சிற்றூர்களும் கடற்கரை ஊர்களும் ராணுவ அமைப்பு கொண்ட இன்னொரு படையின் பொறுப்பு. அது இந்த முறையைக் கைக்கொள்ளவில்லை. அதன் எல்லைக்குள் இருந்த அல்புஃபெய்ராவில் இரண்டு கலவரங்கள். நகரங்களிலோ, எல்லை மீறப்போன சக ரசிகர்களை இங்கிலாந்து ரசிகர்களே அடக்கி உட்காரவைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.